வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ வந்தால் மற்றவர்களுக்குப் பரவாமல் தடுப்பது எப்படி? முதல் 36 மணி நேரம் ஏன் முக்கியம்?

ஞாயிறு இரவு மகளுக்கு லேசான தொண்டை கரகரப்பு. "க்ளைமேட் மாறுதுல்ல, அதான்" என்று சொல்லிவிட்டு எல்லாரும் படுத்துவிடுகிறோம். திங்கள் காலை அவளுக்கு 101 டிகிரி காய்ச்சல். புதன்கிழமை அம்மாவுக்கு, வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு, அடுத்த வாரம் பேத்தியைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கு. டெல்லி, நொய்டா, குருகிராமில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு டிசம்பர், ஜனவரி மாதங்களின் இந்த வரிசை நன்றாகவே தெரியும்.

முதல் மூன்று பேரும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவார்கள். ஆனால் 70 வயதில், சர்க்கரை நோயும் இருக்கும் பாட்டிக்கு அதே வைரஸ் நிமோனியா வரை போகலாம்.

"வீட்ல ஒருத்தருக்கு வந்தா எல்லாருக்கும் வரத்தான் செய்யும்" என்று நாம் விட்டுவிடுகிறோம். அப்படி விட வேண்டியதில்லை. பரவலை முழுதாகத் தடுக்க முடியாவிட்டாலும் கணிசமாகக் குறைக்கலாம். ஆனால் அதற்கான நேரம் மிகக் குறைவு.

இந்தியாவில் ஃப்ளூ காலம் எப்போது?

ஆண்டுக்கு இரண்டு முறை என்கிறது மத்திய சுகாதார அமைச்சகம்: ஜனவரி முதல் மார்ச் வரை ஒன்று, பருவமழைக்குப் பிறகு இன்னொன்று. ஊருக்கு ஊர் இது மாறும். ஸ்ரீநகரில் கடும் குளிரில்தான் உச்சம். டெல்லியில் மழைக்காலத்தில் ஒரு அலை, குளிரில் இன்னொன்று. சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வருகிறது.

குளிர்காலத்தில் பரவல் கூடுவதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள். குளிர்ந்த, வறண்ட காற்றில் ஃப்ளூ வைரஸ் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கிறது. நாமும் ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, ஒரே ஹீட்டரைச் சுற்றி ஒரே அறையில் உட்கார்ந்துகொள்கிறோம்.

36 மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது?

ஃப்ளூ வைரஸ் உடலுக்குள் போய் 1 முதல் 4 நாட்களில், சராசரியாக 2 நாட்களில், அறிகுறி தெரியும். ஆனால் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவத் தொடங்கிவிடும். அறிகுறி வந்த முதல் 3 நாட்களில்தான் பரவல் மிக அதிகம். பெரியவர்களுக்கு 5 முதல் 7 நாட்கள் வரை இது தொடரலாம், குழந்தைகளுக்கு இன்னும் சில நாட்கள் கூடலாம்.

2009-ல் வெளியான ஒரு ஹாங்காங் ஆய்வு இதை வீடுகளுக்குள்ளேயே பரிசோதித்தது. ஃப்ளூ உறுதியான ஒருவர் இருந்த 259 வீடுகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. முதல் குழுவுக்குப் பொதுவான ஆரோக்கிய ஆலோசனை மட்டும். இரண்டாவது குழுவுக்குக் கை சுத்தம். மூன்றாவது குழுவுக்குக் கை சுத்தத்தோடு மாஸ்க்கும்.

மொத்தக் கணக்கில் குழுக்களுக்கு இடையே புள்ளியியல்படி உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனால் முதல் நோயாளிக்கு அறிகுறி தொடங்கி 36 மணி நேரத்துக்குள் மாஸ்க்கும் கை சுத்தமும் ஆரம்பித்த வீடுகளில் பரவல் தெளிவாகக் குறைந்தது.

ஒரு ஆய்வின் ஒரு பகுதி முடிவை வைத்து எல்லாவற்றையும் தீர்மானிக்க முடியாதுதான். ஆனாலும் வைரஸ் எந்த நாட்களில் அதிகம் பரவுகிறது என்ற கணக்கோடு இது ஒத்துப்போகிறது. டெஸ்ட் ரிசல்ட் வரட்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று காத்திருந்தால், அதற்குள் பாதி நேரம் போய்விடும். தொண்டை கரகரக்கும் அந்த ஞாயிறு இரவே தொடங்க வேண்டும்.

அதெல்லாம் சரி, தனி அறைக்கு எங்கே போவது?

நியாயமான கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களில் 37.1 சதவீதம் ஒரே அறையில் வாழ்ந்தன. 31.7 சதவீதம் இரண்டு அறைகளில். தனக்கென ஒரு அறைகூட இல்லாதவை 3.9 சதவீதம். நான்கில் கிட்டத்தட்ட மூன்று குடும்பங்களுக்கு "தனி அறையில் வையுங்கள்" என்ற அறிவுரை நடக்காத காரியம். பெருநகரத்தில் சிங்கிள் பெட்ரூம் ஃப்ளாட்டில் நால்வராக இருப்பவர்களுக்கும் அப்படித்தான்.

இடம் இல்லாதபோது செய்யக்கூடியவை:

- முதலில் பாட்டியின் படுக்கையை மாற்றுங்கள். நோயாளியை எங்கே வைப்பது என்று யோசிப்பதைவிட, ஆபத்து அதிகம் உள்ளவரைத் தள்ளி வைப்பது பெரும்பாலும் சுலபம். 65 வயதைத் தாண்டியவர்கள், கைக்குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் இந்தப் பட்டியலில் வருவார்கள்.
- ஒரே அறைதான் என்றால் படுக்கைகளுக்கு இடையே முடிந்தவரை இடைவெளி விடுங்கள். ஒருவர் தலை வைக்கும் பக்கம் மற்றவர் கால் வைத்துப் படுக்கலாம்.
- கவனித்துக்கொள்ள ஒருவர் மட்டும் போதும். வழக்கமாக அது அம்மாவாகவே இருக்கும். இந்த முறை வீட்டில் யார் திடமாக இருக்கிறார்கள், யாருக்கு லீவு கிடைக்கும் என்று பேசி முடிவெடுங்கள். சமையலும் பாட்டியைக் கவனிப்பதும் வேறொருவரிடம் போகட்டும்.
- நோயாளியும், அவர் பக்கத்தில் போகிறவரும் மாஸ்க் போடுங்கள். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாஸ்க் வேண்டாம். தூக்குகிறவர் போட்டால் போதும்.
- துண்டு, தம்ளர், தட்டு தனியாக இருக்கட்டும். வழக்கமான சோப்பு போட்டுக் கழுவினாலே போதும், தனியாகக் கொதிக்க வைக்கத் தேவையில்லை.

ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா?

டெல்லி குளிரில் இதுதான் சிக்கல். திறந்தால் புகை, மூடினால் வைரஸ். பொதுவாகக் காலையையும் இரவையும்விட மதியத்தில் காற்று மாசு குறைவாக இருக்கும். வெயில் ஏறிய பிறகு எதிரெதிர் ஜன்னல்களைச் சில நிமிடங்கள் திறந்து வையுங்கள். கிச்சன், பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன்களை ஓட விடுங்கள். ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் ப்யூரிஃபையர் இருந்தால் நோயாளி இருக்கும் அறையில் வையுங்கள். காற்றில் மிதக்கும் நுண்துளிகளையும் அது ஓரளவு பிடிக்கும்.

குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பு மூட்டிவிட்டுக் கதவைச் சாத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடால் வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உயிர்கள் போகின்றன.

கை கழுவுகிறோமே, போதாதா?

தேசிய மாதிரி ஆய்வின் 2018 கணக்கெடுப்பில், சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவும் குடும்பங்கள் 35.8 சதவீதம்தான். கழிப்பறை போய்வந்த பிறகு சோப்பு போடுபவை 74.1 சதவீதம். அதாவது, சோப்பு பல வீடுகளில் இருக்கிறது, சாப்பாட்டுக்கு முன் அதைத் தொடுவதில்லை.

ஸ்டீல், பிளாஸ்டிக் போன்ற வழுவழுப்பான பரப்புகளில் ஃப்ளூ வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை இருக்கலாம். கதவுக் கைப்பிடி, ரிமோட், மொபைல், ஃப்ரிட்ஜ் கைப்பிடி ஆகியவற்றைத் தினமும் ஒருமுறை துடைத்தால் நல்லது.

வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கணக்கு வேறு. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றான நோரோவைரஸிடம் சானிட்டைசர் சரியாக எடுபடாது. சோப்பும் தண்ணீரும்தான் வழி. வாந்தி நின்ற பிறகும் 2 நாட்களுக்கு அவர் மற்றவர்களுக்குச் சமைக்கக் கூடாது.

பழைய ஆன்டிபயாட்டிக் இருக்கிறதே, போடலாமா?

கூடாது. ஃப்ளூவும் சாதாரண ஜலதோஷமும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கானது. 2023 மார்ச்சில் எச்3என்2 ஃப்ளூ பரவியபோது இந்திய மருத்துவச் சங்கம் இதையே வலியுறுத்தியது. காய்ச்சல் 3 நாட்களில் போய்விடும், இருமல் 3 வாரம் வரை நீடிக்கலாம் என்றும் அது சொன்னது. ஆகவே இரண்டாவது வாரமும் இருமல் இருப்பதாலேயே பயப்பட வேண்டியதில்லை.

ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து உண்டு. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் எடுத்தால் நல்ல பலன் தரும். சுகாதார அமைச்சக வழிகாட்டுதலின்படி, லேசான அறிகுறி மட்டும் உள்ளவர்களுக்கு அது தேவையில்லை. ஆபத்துப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மருத்துவர் அதைத் தரலாம். எனவே பாட்டிக்குக் காய்ச்சல் என்றால் அன்றே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு இருமலுக்கென்று தேன் கொடுக்கக் கூடாது. ஆவி பிடித்தால் மூக்கடைப்பு கொஞ்சம் குறையலாம், ஆனால் அது வைரஸைக் கொல்லாது. கொதிநீர்ப் பாத்திரம் குழந்தை மேல் கவிழும் ஆபத்தும் உண்டு.

தடுப்பூசி யாருக்கு?

ஃப்ளூ தடுப்பூசி தேசிய இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் போடச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கூட்டமைப்பு. முதியவர்களும் நாள்பட்ட நோய் உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். பலன் கிடைக்க 2 வாரம் ஆகும், ஆகவே குளிர் தொடங்கும் முன்பே போடுங்கள். பெற்றோர் ஊரிலிருந்து கிளம்பும் முன் ஊரிலேயே போட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

6 மாதம் ஆகாத குழந்தைக்கு இந்தத் தடுப்பூசி போட முடியாது. கர்ப்ப காலத்தில் தாய் போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு குழந்தைக்கும் கிடைக்கும்.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, குழப்பம் அல்லது அளவுக்கு மீறிய மயக்கநிலை, சளியில் ரத்தம், நகமோ உதடோ நீலமாவது, குழந்தை பால் குடிக்க மறுப்பது, குறைந்த காய்ச்சல் மீண்டும் ஏறுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

மகளை எப்போது பள்ளிக்கு அனுப்பலாம்? மாத்திரை இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, உடம்பும் தேறி வந்தால் அனுப்பலாம். காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் மதியம் பள்ளியிலிருந்து போன் வரும். அதற்குள் அவள் பக்கத்தில் உட்கார்ந்த குழந்தையின் வீட்டில் இன்னொரு பாட்டிக்கு ஆபத்து தொடங்கியிருக்கும்.