பழைய ஜீப்பும் பவர் ஸ்டியரிங்கும்: ஓர் இடைச்செருகலின் வரலாறு

பழைய ஜீப்புகளைத் தேடி வாங்கிப் புதுப்பிப்பவர்களிடையே நெடுநாளாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. அந்த வண்டிக்குப் பவர் ஸ்டியரிங் பொருத்தலாமா, கூடாதா என்பதே அது. கூடாது என்போர், 1940களின் வண்டியில் பிற்காலத்துச் சொகுசைச் செருகினால் அது பழைய வண்டியே அல்ல என்கிறார்கள். பொருத்தலாம் என்போர், ஓட்ட முடியாமல் கொட்டகையில் நிற்கும் வண்டி வெறும் இரும்புக் குவியல் என்கிறார்கள். இரு தரப்பாரும் வாதத்தைத் தொடங்கும் முன்பே ஒன்றில் உடன்பட்டுவிடுகிறார்கள். ஜீப் பழையது, பவர் ஸ்டியரிங் அதற்குப் பின் வந்தது என்பதே அந்த உடன்பாடு. வரலாற்றைப் புரட்டினால் அந்த உடன்பாடே பிழை என்று தெரியவருகிறது.

முதலில் ஜீப்பின் பிறப்பைப் பார்ப்போம். 1940ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்கத் தரைப்படை, நான்கு சக்கரங்களாலும் இழுக்கப்படும் சிறு உளவு வண்டி ஒன்று வேண்டுமென்று 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. மாதிரி வண்டியை 49 நாள்களில் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இயங்கிய பாண்டம் என்ற சிறு நிறுவனம் கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற பொறியாளரை அழைத்து வரைபடம் தயாரித்தது. செப்டம்பர் 23ஆம் நாள் அவ்வண்டி மேரிலாந்தின் ஹோலபர்ட் முகாமைச் சென்றடைந்தது. பாண்டத்தைத் தொடர்ந்து வில்லிஸ்-ஓவர்லாண்டும் ஃபோர்டும் தத்தம் மாதிரிகளோடு வந்தன. இறுதியில் வில்லிஸின் வடிவமே நிலைபெற்றது. போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து கொடுத்தன.

இந்தப் போட்டி முழுவதும் எடையைச் சுற்றியே நடந்தது. படை முதலில் கேட்டது 590 கிலோ அளவுக்கான வண்டி. அது நடவாத காரியம் என்று தெரிந்தபின் வரம்பு உயர்த்தப்பட்டது. வில்லிஸ் நிறுவனத்தின் பொறியாளர் டெல்மர் ரூஸ் அந்த வரம்புக்குள் தம் வண்டியை அடக்குவதற்காகப் போல்ட்டுகளின் மிகுதி நீளத்தை வெட்டினார். பூசப்படும் பெயின்ட்டின் எடையைக்கூடக் கணக்கில் எடுத்தார் என்பது ஜீப் வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. படைக்கு வந்துசேர்ந்த வண்டியின் எடை ஏறத்தாழ 1,100 கிலோ. பெயின்ட்டையும் நிறுத்துப் பார்த்த இடத்தில், ஸ்டியரிங்குக்கென்று தனியாக ஒரு பம்பையும் ஆயில் குழாய்களையும் யார் அனுமதித்திருப்பார்கள்?

எனவே ஜீப்புக்குக் கிடைத்தது எளிய ஏற்பாடு. ஸ்டியரிங் தண்டின் அடியில் ராஸ் வகைப் பெட்டி. அதனுள் திருகுவரிப் பள்ளம் வெட்டிய உருளை. அந்தப் பள்ளத்தில் ஓடும் முளைகள் ஒரு நெம்புகோலை அசைக்கும். அந்த அசைவு இணைப்புத் தண்டுகளின் வழியே இரு முன்சக்கரங்களையும் சென்றடையும். ஓடும் வண்டியில் இது சுமையாகத் தெரிவதில்லை. நிற்கும் வண்டியில்தான் கை வலிக்கும். அப்போது டயர் உருளாமல் தரையில் அரைபட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. ‘வண்டியை மெல்ல உருளவிட்டுத் திருப்பு’ என்பது அதனால்தான் பழைய ஓட்டுநர்களின் பாலபாடமாக இருந்தது. கட்டைவிரலைச் சக்கரத்தின் உள்பக்கம் வளைத்துப் பிடிக்காதே என்பது இரண்டாவது பாடம். முன்சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பி விரலை முறித்துவிடும்.

இனி, வழக்கில் பிரதிவாதியாக நிற்கும் பவர் ஸ்டியரிங்கின் கதைக்கு வருவோம். அதன் தந்தை எனப்படும் பிரான்சிஸ் டேவிஸ், பியர்ஸ்-ஏரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்தவர். கனத்த லாரிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டை அருகிலிருந்து கண்டவர். 1920களில் அந்த வேலையை விட்டு, மாசசூசெட்ஸின் வால்தம் நகரில் ஒரு பட்டறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, துணைக்கு ஒரு கைவினைஞரோடு ஆராய்ச்சியில் இறங்கினார். அவருடைய தீர்வின் நுட்பம் எளிமையானது. பம்பு ஆயிலை இடைவிடாமல் சுழலவிட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தொடாதவரை வால்வு திறந்தே கிடப்பதால் ஆயில் எந்த வேலையும் செய்யாமல் திரும்பிப் போகும். சக்கரத்தைத் திருப்பியதும் வால்வு ஒரு பக்கத்தை அடைக்கும். அங்கே அழுத்தம் ஏறி, பிஸ்டன் ஓட்டுநரின் கையோடு சேர்ந்து தள்ளும். இன்றும் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கின் அடிப்படை இதுதான்.

1926இல் டேவிஸ் இதைத் தமது பியர்ஸ்-ஏரோ காரில் பொருத்தி டெட்ராய்ட்டுக்கே ஓட்டிச் சென்று காட்டினார். அதாவது முதல் ஜீப் உருவாவதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே பவர் ஸ்டியரிங் சாலையில் ஓடிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. கேடிலாக் கார்களில் அது இடம்பெறும் என்ற நிலை வந்தபோது பொருளாதாரப் பெருவீழ்ச்சி குறுக்கிட்டது. விற்கவிருந்த கார்களின் எண்ணிக்கைக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்று 1934இல் திட்டம் கைவிடப்பட்டது. 1936இல் டேவிஸ் பெண்டிக்ஸ் நிறுவனத்தோடு கைகோத்தார். எனினும் பொதுமக்களின் காருக்கு அவருடைய கண்டுபிடிப்பு வந்து சேரவில்லை.

அதை வரவேற்றது போர்க்களம். செவ்ரோலே தயாரித்து பிரிட்டிஷ் காமன்வெல்த் படைகள் பயன்படுத்திய ஸ்டாக்ஹவுண்ட் கவச வண்டியின் எடை ஏறத்தாழ 14 டன். வெறுங்கையால் அதைத் திருப்புவது எளிதன்று. ஆகவே அதில் பவர் ஸ்டியரிங் இருந்தது. ஒரே போர், ஒரே ஆண்டுகள். கவச வண்டிக்கு அந்த உதவி கிடைத்தது, ஜீப்புக்குக் கிடைக்கவில்லை. போருக்குப் பின் 1951இல் கிரைஸ்லர் நிறுவனம் தனது இம்பீரியல் காரில் ‘ஹைட்ராகைட்’ என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டேவிஸின் பழைய காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டதால் அவருக்கு அதில் பங்கில்லை. போட்டியைக் கண்டு பதறிய ஜெனரல் மோட்டார்ஸ் மீண்டும் அவரிடமே வந்தது. கால் நூற்றாண்டுக்கால உழைப்பின் பலன் இப்படி ஓர் அவசரத்தில் வந்து சேர்ந்தது.

இந்த இரு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. ஜீப்பின் ஸ்டியரிங் கனமாக இருப்பதற்கு அந்தக் காலத்து அறியாமை காரணமல்ல. அது ஒரு முடிவு. எடையையும் விலையையும் நேரத்தையும் கணக்கிட்டவர்கள், அந்த வண்டியின் சக்கரத்தில் இருக்கப்போவது இருபது வயதுப் படைவீரனின் கை என்பதை அறிந்திருந்தார்கள். அந்தக் கையின் வலுவும் வண்டியின் ஒரு பாகமாகவே கொள்ளப்பட்டது. இன்று அந்தப் பாகம் மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது. எண்பது ஆண்டு கடந்த ஜீப்பை வைத்திருப்பவர் அறுபதைத் தாண்டியவராக இருக்கலாம். தோள்மூட்டு தேய்ந்தவராக இருக்கலாம். படைக்குத் தேர்வாகும் உடற்கட்டு இல்லாத பெண்ணாகவும் இருக்கலாம். பவர் ஸ்டியரிங் கூடாது என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதும்போது, இவர்கள் அனைவரையும் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறக்கிவிடுகிறோம்.

நம் நாட்டு ஜீப்புகளின் கதை இன்னும் சிக்கலானது. 1940களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைக் கோக்கத் தொடங்கிய மகிந்திரா நிறுவனம் பின்னர் அவற்றை இங்கேயே தயாரித்தது. காலப்போக்கில் பெட்ரோல் எஞ்சினின் இடத்துக்கு டிராக்டர் வழிவந்த டீசல் எஞ்சின் வந்தது. முன்ஆக்ஸில் மேல் பாரம் கூடியது. உரிமையாளர்கள் அகன்ற டயர்களை மாட்டினார்கள். ஸ்டியரிங் மட்டும் பழைய கணக்கிலேயே நின்றது. அமெரிக்காவில் 1972இல் ஜீப்பின் சிஜே-5 வடிவம் திருத்தப்பட்டபோது ராஸ் பெட்டி விடைபெற்றது. சாகினா பெட்டி வந்தது. பவர் ஸ்டியரிங்கும் விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. ஆகவே பழைய ஜீப்புக்குச் சாகினா பெட்டியைப் பொருத்துகிறவர், தொழிற்சாலை பின்னாளில் தானே செய்துகொண்ட திருத்தத்தை முன்தேதியிட்டுச் செய்கிறார் என்றே சொல்லலாம்.

ஆனால் ‘செய்யலாம்’ என்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. எப்படிச் செய்வது என்பதில்தான் வண்டியின் மானம் இருக்கிறது. தேய்ந்த கிங்பின் பேரிங்கையும் ஆட்டம் கண்ட இணைப்பு முனைகளையும் அப்படியே விட்டுவிட்டு, அவற்றை மறைக்கப் பவர் ஸ்டியரிங் போடுவது நோயை விட்டு வலியை மட்டும் அடக்குவது. பம்பின் அழுத்தம் பெட்டி பிடித்திருக்கும் இடத்தில் புதிய பாரத்தை ஏற்றுகிறது. ஜீப்பின் மெல்லிய சேஸிஸ் அதற்கென்று செய்யப்பட்டதல்ல. வலுவூட்டாவிட்டால் அங்கே விரிசல் காணும். 1988இல் சுசுகியின் செர்வோ காரில் அறிமுகமான மின்சார ஸ்டியரிங் வகையை டேஷ்போர்டின் அடியில் மறைத்துவிடலாம், வெளித்தோற்றம் மாறாது. ஆனால் போர்க்கால ஜீப்பின் மின்சாரம் 6 வோல்ட். அதை 12 வோல்ட்டுக்கு மாற்றாமல் அந்த மோட்டார் சுழலாது. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசைகிறது.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் இதற்கொரு நெறியை வகுத்துத் தருகிறது. மாற்றம் தேவையானால் அடக்கமாக இருக்கட்டும். திரும்ப எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். கழற்றிய பாகங்கள் வண்டியோடே பாதுகாக்கப்படட்டும். செய்தவை அனைத்தும் எழுதி வைக்கப்படட்டும் என்பது அதன் சாரம். 2021 ஜூலையில் இந்திய அரசு வெளியிட்ட விதித் திருத்தம், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேஸிஸிலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்யப்படாத வண்டியையே ‘விண்டேஜ்’ என ஏற்கிறது. அந்தப் பட்டியலில் ஸ்டியரிங் இல்லை. ஆனால் பெட்டியைப் பொருத்துவதற்காகச் சேஸிஸை வெட்டி வெல்டிங் செய்த கணத்தில் நாம் அந்த வரையறையின் எல்லையைத் தாண்டிவிடுகிறோம். போல்ட்டுக்கும் வெல்டிங்குக்கும் உள்ள வேறுபாடு வெறும் பட்டறைச் செய்தி அல்ல.

தமிழ் படித்தவனுக்கு இந்த நெறி புதிதாகத் தோன்றுவதில்லை. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏட்டில் சிதைந்துபோன அடிகளைத் தம் புலமையால் இட்டு நிரப்பவில்லை. சிதைவைச் சிதைவாகவே காட்டினார், பாடபேதங்களைக் குறித்துவைத்தார். பிற்காலத்தவர் சேர்த்தது என்று தெரியும்படி நிற்கும் வரியால் நூலுக்குக் கேடில்லை. மூலம்போல் வேடமிட்டு உள்ளே கலந்துவிடுவதே நாம் அஞ்ச வேண்டிய இடைச்செருகல்.

ஆகவே பழைய ஜீப்பில் பவர் ஸ்டியரிங் பொருத்துகிறவர் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. சேஸிஸை வெட்டாமல் பொருத்தட்டும். கழற்றிய ராஸ் பெட்டிக்கு ஆயிலிட்டு, துணி சுற்றி, என்று எதற்காகக் கழற்றப்பட்டது என்ற குறிப்போடு வைக்கட்டும். வண்டி அவருக்குப் பின்னும் இருக்கப்போகிறது. அடுத்து அதை வாங்குகிறவர் ஓர் இளைஞராக இருந்து, அந்தப் பாரத்தைத் தன் கையால் உணர்ந்து பார்க்க விரும்பினால், நான்கு போல்ட்டுகளைக் கழற்றி 1940களுக்குத் திரும்பிச் செல்ல வழியிருக்க வேண்டும்.