‘சட்டபூர்வம்’ என்னும் அடைமொழி

தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன என்பதைப் பெங்களூர்த் தமிழருள் பலர் அறிவர். மைசூர் நாட்டுக் கல்வெட்டுகளைத் திரட்டிய லூயிஸ் ரைஸ் 1905-இல் வெளியிட்ட தொகுதியில் அவை இடம்பெற்றன. இவ்வூர் அந்நாளில் தோம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வழங்கியது. கோயிலுக்குக் கொடை அளித்த திரிபுராந்தகன் என்னும் செட்டியாரையும் அவர்தம் மனைவி பார்வதியையும் ஒரு கல்வெட்டு குறிக்கிறது. அவ்விருவர் மணம் எம்முறையில் நடந்தது, யார் முன்னிலையில் நடந்தது என்று கல் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் எழவில்லை.

நம் காலத்திலோ அத்தேவை எழுந்துவிட்டது. கணவன் மனைவி என்பதற்கும், தந்தை மகன் என்பதற்கும் முன்னால் ஓர் அடைமொழி வேண்டும். ஆங்கிலச் சட்டநூல்கள் அதற்கு ‘லீகல்’, ‘லாஃபுல்’, ‘வேலிட்’, ‘லெஜிடிமேட்’ என நான்கு சொற்களை வைத்துள்ளன. அந்நான்கையும் நாம் ‘சட்டபூர்வமான’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். எதிர்மறையாக ‘சட்டவிரோதம்’ என்கிறோம். மொழிபெயர்ப்புப் பிழைதானே என்று இதனைத் தள்ளிவிட இயலாது. இப்பிழையால் தமிழ்க் குடும்பங்கள் பட்ட துன்பத்துக்கு ஒரு வரலாறே உண்டு.

ஒரு செயல் சட்டத்தால் தடுக்கப்பட்டது என்பது வேறு. அச்செயலுக்குச் சட்டத்தில் பயன் இல்லை என்பது வேறு. முன்னது குற்றம். பின்னது செல்லாமை. 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் ‘லீகல் டெண்டர்’ அல்ல என்று அறிவிக்கப்பட்டதை நாம் மறந்திருக்கமாட்டோம். அன்றிரவு அத்தாளை மடியில் வைத்திருந்தவர் எவரும் குற்றவாளியாகிவிடவில்லை. வங்கியில் செலுத்த டிசம்பர் 30 வரை தவணை இருந்தது. அதன்பின் தனிச் சட்டம் ஒன்று வந்த பிறகே, பத்துத் தாளுக்கு மேல் வைத்திருப்பது தண்டனைக்குரியதாயிற்று. சந்தையில் கீரை விற்ற மூதாட்டிக்கு இவ்வேறுபாட்டை எவரும் கற்பிக்கவில்லை. “இது செல்லாது ஐயா” என்றார், அவ்வளவே. ‘வேலிட்’ என்பதற்குத் தமிழில் இதைவிட நேரான சொல் நமக்குத் தெரிந்தவரை இல்லை. கொடை ஞாயிறும் திங்களும் உள்ளவரை ‘செல்வதாக’ என்று சோழர் காலத்துக் கல்வெட்டுகளும் இவ்வினையையே ஆண்டன.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 1929-இன் சாரதா சட்டம் குழந்தை மணத்தைத் தண்டனைக்குரியதாக்கிற்று; ஆனால் நடந்துவிட்ட மணத்தைச் செல்லாததாக்கவில்லை. நடத்தியவர் தண்டனை பெறலாம், மணமோ நிலைக்கும். குற்றமாகியும் செல்லும் மணம் அது. கர்நாடக அரசே 2016-இன் திருத்தச் சட்டத்தால் இம்மாநிலத்தில் அத்தகைய மணத்தைத் தொடக்கம் முதலே செல்லாததாக்கியது.

இனிச் சுயமரியாதைத் திருமணத்துக்கு வருவோம். 1928-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை; எரிவலம் இல்லை; ஏழடி நடத்தல் இல்லை. உற்றார் முன் இருவரும் ஒருவரையொருவர் ஏற்றனர். பின்னர் ஆயிரக்கணக்கானோர் அவ்வழி மணந்தனர். அவ்வாறு மணந்ததற்காக எவரையும் தண்டிக்கும் சட்டம் இருந்ததில்லை. எனினும், 1934-இல் நடந்த அத்தகைய மணம் ஒன்று குடும்ப வழக்கொன்றில் வினாவுக்குள்ளாகி, 1953-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. சாத்திரச் சடங்கு நிகழவில்லை. நெடுங்கால வழக்கு என்று நிறுவவும் இயலவில்லை. ஆதலின் அம்மணம் செல்லாது என்று நீதிமன்றம் முடிவு கூறிற்று.

செல்லாது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. ஊர் வாய் அதனைச் ‘சட்டவிரோதத் திருமணம்’ என்று திரித்தது. மனைவி என்று இருபது ஆண்டு வாழ்ந்தவளுக்கு வேறு பெயர் இட்டது. பிள்ளைகளுக்கு இட்ட பெயரை இம்மலரில் எழுத நமக்கு மனமில்லை. தீர்ப்பே கொடிது, அதனினும் கொடிது அதனைப் பெயர்த்துச் சொன்ன நாக்கு.

அறிஞர் அண்ணாவின் ஆட்சி இதனை மாற்றிற்று. 1967-இல் சென்னைச் சட்டமன்றம் நிறைவேற்றி, 1968 சனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம், 1955-இன் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில், தமக்கு விளங்கும் மொழியில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். மூன்றில் ஒன்று போதும். இப்பிரிவின் சொல்லாட்சி உற்றுநோக்கத்தக்கது. மணத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் ‘லீகல்’ என்று எழுதவில்லை. சட்டத்தின் கண் நன்றும் செல்லத்தக்கதும் ஆகும் என்னும் பொருளில் ‘குட்’, ‘வேலிட்’ என்னும் இரு சொற்களை இணைத்தது. பிள்ளைகளைப் பற்றிப் பேசுமிடத்திலோ ‘லெஜிடிமேட்’ என்றது. குற்றமாயிருந்ததை மன்னிக்கும் சட்டம் அன்று இது. குற்றம் என்றுமே இருந்ததில்லையே! செல்லாதிருந்ததைச் செல்லச் செய்தது. அதுவும் மணம் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று பின்னோக்கிச் செய்தது. 1928-இல் மணந்த முதியவளும் தன் மணநாள் முதலே மனைவியானாள்.

இப்பிரிவு பின்னாளில் எதிர்பாராத வகையிலும் பயன்பட்டது. மனைவி இருக்கவே மற்றொருத்தியை மணந்த ஒருவன், இரண்டாம் மணத்தில் ஏழடி நடக்கவில்லை, ஆகவே அது மணமே அன்று, குற்றமும் அன்று என்று வாதிட்டான். செல்லாமையைக் கேடயமாக்கிக்கொள்ளும் இச்சூழ்ச்சியை உச்ச நீதிமன்றம் 2001-இல் ஏற்கவில்லை. 7-ஏ பிரிவின்படி அச்சடங்கே போதுமானது என்று கூறி, அவன் செயல் குற்றமே என்றது. 2023 ஆகஸ்டில் அதே நீதிமன்றம், இத்தகைய மணத்தைப் பலரறியப் பந்தலிட்டு நடத்தவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்றும் தெளிவுபடுத்திற்று.

தொம்மலூரில் வாழும் நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. 7-ஏ பிரிவு தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தன் மாநிலத்துக்கெனச் செய்த திருத்தம். புதுச்சேரியும் பின்னர் அதனை ஏற்றது, கர்நாடகம் ஏற்கவில்லை. கன்னட மக்களிடையே குவெம்பு வகுத்த ‘மந்திர மாங்கல்யம்’ என்னும் எளிய மணமுறை சிறப்புற்றிருப்பினும், அதற்கென இங்கே தனிப் பிரிவு எழவில்லை. ஆகவே, அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து ஓசூரில் மாலை மாற்றி மணந்தோர்க்கு உள்ள காப்பு, அதே மாலையை இங்கே மாற்றினோர்க்கு இல்லை. இங்கு மணந்தோர் தம் குல வழக்குச் சடங்கு நிகழ்ந்தது என்று காட்டவேண்டும். அது குற்றமா என்று அஞ்சிக் கேட்கும் பெற்றோரைக் கண்டிருக்கிறோம். குற்றமன்று; நாளை வாரிசுரிமையோ ஓய்வூதியமோ வினாவாகும்போது மெய்ப்பிப்பதில் இடர் நேரலாம் என்பதே பொருள்.

பதிவுச் சான்றிதழ் இருக்கிறதே என்பர் சிலர். பதிவு மணத்துக்குச் சான்றாகுமேயன்றி, நிகழாத மணத்தை நிகழ்ந்ததாக்காது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் கூறியிருப்பதை இவர்கள் கருதவேண்டும்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை அச்சம் பெரிதும் நீங்கிவிட்டது. செல்லாத மணத்தில் பிறந்தோரையும் முறையான மக்களாகவே கொள்ளவேண்டும் என்று 1976-இன் திருத்தம் விரித்துரைத்தது. கர்நாடகத்திலிருந்தே சென்ற ஒரு வழக்கில் 2023 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், கூட்டுக்குடும்பச் சொத்தில் பெற்றோர்க்குரிய பங்கில் அவர்களுக்கும் உரிமை உண்டு என்று தீர்த்தது. ‘லெஜிடிமேட்’ என்பதற்கு ‘முறையான’ என்பதே நல்ல தமிழ். முறை என்பது உறவையும் குறிக்கும், நீதியையும் குறிக்கும். மாமன் முறை, அத்தை முறை என்று பேசும் நமக்கு இச்சொல்லை விளக்கவேண்டியதில்லை.

எஞ்சியது ‘லாஃபுல்’. இச்சொல் சடங்கு வேண்டாதார்க்குரிய மற்றொரு வாயிலில் நிற்கிறது. 1954-இன் தனித் திருமணச் சட்டத்தின்படி முப்பது நாள் முன்னறிவிப்புத் தந்து, திருமண அலுவலர், மூன்று சாட்சிகள் ஆகியோர் முன்னிலையில் எந்த முறையிலும் மணந்துகொள்ளலாம். மாலையும் மாற்றலாம், தாலியும் கட்டலாம். ஏற்கெனவே வேறு முறையில் மணந்து வாழ்வோரும், உரிய தகுதிகள் இருப்பின், அச்சட்டத்தின் கீழ்ப் பதிந்துகொள்ள இடமுண்டு. அது தமிழ்நாட்டிலும் செல்லும், கர்நாடகத்திலும் செல்லும். ஒன்று மட்டும் கட்டாயம்: இன்னாரை என் ‘லாஃபுல்’ மனைவியாக, கணவனாக ஏற்கிறேன் என்று இருவரும் தம் வாயால் சொல்லவேண்டும். 7-ஏ பிரிவு மணமக்கள் வாயில் வைக்காத அடைமொழியை இச்சட்டம் வைக்கிறது. அதனை ஆங்கிலத்தில்தான் சொல்லவேண்டும் என்பதில்லை. மணமக்களுக்கு விளங்கும் எம்மொழியிலும் சொல்லலாம் என்று அச்சட்டமே இடந்தருகிறது. ‘என் சட்டமுறை மனைவியாக ஏற்கிறேன்’ என்று பெங்களூர் அலுவலகத்திலும் தமிழில் சொல்லலாம்.