மரகதமும் பாம்பின் கண்ணும்

அரபியில் ‘ஸுமுர்ருத்’ எனப்படும் மரகதம், மேல் எகிப்தின் பாலைச் சுரங்கங்களிலிருந்து இஸ்லாமிய உலகெங்கும் சென்ற மணியாகும். அதனைக் கண்ட மாத்திரத்தில் பாம்பின் கண் குருடாகிவிடும் என்பது அக்காலத்தில் நூல்தோறும் எழுதப்பட்டு வந்த செய்தி.

கி.பி. 973இல் குவாரிஸமில் பிறந்த அபூ ரைஹான் அல்பிரூனீ, கஸ்னவி சுல்தான் மவ்தூதுக்குக் காணிக்கையாக்கிய ‘கிதாபுல் ஜமாஹிர்’ என்னும் மணியியல் நூலில் இதனை ஆராய்கிறார். பலர் ஒருமித்துக் கூறியதை அவர் அப்படியே ஏற்கவில்லை. பாம்பின் கழுத்தில் மரகத மாலையைச் சுற்றினார். அதன் கூடையில் மரகதங்களைப் பரப்பினார். கண்ணெதிரே மரகதச் சரத்தை அசைத்தும் காட்டினார். வெயிலிலும் குளிரிலுமாக 9 மாதங்கள் சோதனை நீடித்தது. மரகதத்தைச் சுர்மாவாக இடுவதொன்றே எஞ்சியது. பாம்பின் பார்வையோ சிறிதும் குன்றவில்லை என்கிறார்.

ஆயினும் 13ஆம் நூற்றாண்டில் அத்தீஃபாஷி, தாமும் சோதித்ததாகக் கூறி அப்பழங்கதையையே மெய்யென எழுதினார். சோதித்தேன் என்னும் சொல்லும் சோதனைக்குரியதே என்பதை இது உணர்த்துகிறது.

இருவருமே நம் முன்னோர். இருவர் நூல்களும் நம் மரபுச் செல்வங்கள். பழைய ஏடுகளை ஓதும் நம் மாணவர்க்கு இவ்விருவரையும் அருகருகே வைத்துக் கற்பித்தல் வேண்டும். முன்னோரை மதிக்கவும் அவர்தம் கூற்றை ஆராயவும் ஒருசேரப் பழகுவதற்கு அதுவே வழியாகும்.