நிழல்மரமும் மிளகுக் கொடியும்: மலையக ஊடுபயிர் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மலையகப் பெருந்தோட்ட வரலாறு பெரும்பாலும் தேயிலையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மரங்களுக்கிடையே வளரும் வாசனைப் பயிர்கள் அதில் அடிக்குறிப்பாகவே இடம்பெறுகின்றன. ஆயினும், நிலம் யாருக்குரியது என்னும் வினாவை இவை கூர்மையாக எழுப்புவதாக நாம் கருதுகின்றோம்.

கண்டிக் கிராமத்தவரின் வீட்டுத்தோட்டத்தில் பலாவிலும் கமுகிலும் மிளகு படரும். அவற்றின் நிழலில் கோப்பியும் இஞ்சியும் மஞ்சளும் வளரும். ஒன்று பொய்ப்பினும் மற்றொன்று கைகொடுக்கும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் துணையோடு பரவிய பெருந்தோட்டமோ ஒற்றைப் பயிரையே நம்பியது. 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அழிந்துகொண்டிருந்த கோப்பிச் செடிகளுக்கிடையே துரைமார் சிங்கோனாவையும் தேயிலையையும் நட்டனர். கிராமத்தவருக்கு வாழ்க்கைமுறையாயிருந்த ஊடுபயிர், தோட்டத்தில் நெருக்கடிக் காலத்து ஏற்பாடாகவே தொடங்கிற்று எனலாம்.

தேயிலைக்கு நிழல் தரவென நடப்பட்ட சவுக்கு மரங்களே பின்னர் மிளகுக்குக் கொழுகொம்பாயின. ஆனால் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரில் மிளகு செழிப்பதில்லை. ஹற்றன் பகுதியும் அதற்கு உகந்ததன்று. கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கத்துத் தாழ்ந்த சரிவுகளே அதற்கேற்றவை. தேயிலையின் விளைச்சல் முதலில் நலிந்ததும் அங்கேதான்.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின் பின், இத்தகைய நலிந்த தேயிலை நிலங்களிற் பல மிளகு, கராம்பு, கோப்பி முதலிய பயிர்களுக்கென மாற்றப்பட்டன. பயிர் பன்முகமாதல் வரவேற்கத்தக்கதே. ஆனால் பங்கிடப்பட்ட காணிகள் பெரும்பாலும் அயற்கிராமச் சிங்கள மக்களையே சென்றடைந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தொழிலாளர், தாம் திருத்திய மண்ணிலிருந்தே பெயர்க்கப்பட்டனர். பட்டினியாற் பலர் மாண்டனர். பலர் வடக்கு, கிழக்கு நோக்கிச் சென்றனர். உயர்மலைக்கும் இது நீண்டது. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பகிர்ந்தளிக்கும் முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்தபோது, 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் சிவனு லட்சுமணன் உயிர்நீத்தார். அவர்கள் சிங்கள விவசாயியை எதிர்த்தனர் எனச் சிலர் பொருள்கொள்வது தவறு; நிலப்பங்கீட்டில் தாம் கணக்கிலெடுக்கப்படாமையையே எதிர்த்தனர்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. காணியுரிமையோ, 2015இன் பின் வந்த வீடமைப்புத் திட்டத்தில் குடும்பத்துக்கு 7 பேர்ச் என்ற அளவில், அதுவும் சிலருக்கே கிட்டியது. வீடு போக எஞ்சும் இடத்தில் கண்டி வீட்டுத்தோட்டம் ஒன்று அமைவதற்கில்லை. நிழல்மரத்து மிளகு தோட்ட நிர்வாகத்தின் கணக்கிலேயே சேர்கின்றது.