விதையும் மண்ணும் ஓர் ஊசித் தழும்பும்

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில், திருவள்ளூரைக் கடந்து திருத்தணியை நெருங்கும்போது கனகம்மாசத்திரம் வருகிறது. ஊரின் பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. கனகம்மா என்றொரு பெண்மணியின் பெயரால் அமைந்த சத்திரம். அதைச் சுற்றி ஓர் ஊர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து தணிகைமலைக்கு நடப்பவர்களும், புரட்டாசியில் திருமலைக்கு நடப்பவர்களும் இன்றும் இவ்வழியே போகிறார்கள். வழிநடப்போர் எல்லோரும் எல்லா ஊரிலும் தங்கிவிடுவதில்லை. திண்ணையும் தண்ணீரும் இருக்கும் இடத்தில்தான் மூட்டையை இறக்குகிறார்கள். இந்தச் சாதாரண உண்மை நாம் சொல்லவிருக்கும் மருத்துவ வரலாற்றுக்கும் பொருந்தும்.

நம் நண்பர் ஒருவரின் தாய்மாமன் இவ்வூரில் வசிக்கிறார். அறுபதைக் கடந்தவர். சிறுநீரில் வலியேதுமின்றி இரத்தம் கண்டபோது, 'உடம்புச் சூடு' என்று எண்ணிச் சில மாதங்கள் இளநீரும் வெந்தயமுமாகக் கழித்துவிட்டார். பிறகுதான் பரிசோதனை, சிறுநீர்ப்பையில் புற்று என்ற முடிவு, கட்டியைச் சுரண்டி எடுக்கும் அறுவை. நல்லவேளையாக அது தசைக்குள் இறங்கியிருக்கவில்லை. மேற்கொண்டு வாரம் ஒருமுறையாக ஆறு வாரங்கள் சிறுநீர்ப்பைக்குள் ஒரு மருந்தைச் செலுத்த வேண்டும் என்றார்கள். மருந்தின் பெயரைக் கேட்டவர் திகைத்துப்போனார். நாம் பார்க்கச் சென்றபோது தம் இடது தோளிலிருந்த தழும்பைக் காட்டிக் கேட்டார்:

"சின்ன வயசுல திருவள்ளூர் பக்கம் எங்க கிராமத்துல எல்லாருக்கும் ஊசி போட்டாங்களே தம்பி, அதே பி.சி.ஜி.யாம். காசத்துக்கே அது பிரயோசனப்படலைன்னு அப்புறமா பேசிக்கிட்டாங்க. அதுக்கே கேக்காதது இதுக்கு எப்படிப்பா கேக்கும்?"

அன்று நம்மிடம் விடை இல்லை. பின்னர் தேடிப் படித்துச் சேர்த்த விடையே இக்கட்டுரை.

*

புற்றுநோயால் நேரும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு முதலில் தோன்றிய கட்டி காரணமன்று. அது பிற உறுப்புகளுக்குப் பரவுவதே காரணம். ஏன் சில உறுப்புகளில் மட்டும் அது குடியேறுகிறது? இக்கேள்வியை முறையாக எழுப்பியவர் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிணப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, 1889இல் 'லான்செட்' இதழில் அவர் எழுதினார். இரத்தம் பாயும் இடமெல்லாம் புற்று தங்குவதில்லை. கல்லீரலில் அதிகம் தங்குகிறது, மண்ணீரலில் மிக அரிதாகவே தங்குகிறது. செடியின் விதை எத்திசையும் பறக்கும், ஏற்ற மண்ணில் விழுந்தால்தான் முளைக்கும் என்பது அவர் கண்ட உவமை.

உழவர் குடியில் பிறந்த எவருக்கும் இது புதிதன்று. ஆயினும் மருத்துவ உலகம் அவரை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. இரத்தம் எங்கே கொண்டுசேர்க்கிறதோ அங்கே புற்று தங்கும் என்ற எந்திரவியல் விளக்கமே 1928இல் ஜேம்ஸ் யூயிங் வழியாகச் செல்வாக்குப் பெற்றது. 1970இல் ஐசேயா ஃபிட்லர் கதிரியக்கக் குறியிட்ட புற்றணுக்களை எலிகளின் இரத்தத்தில் செலுத்திப் பார்த்தார். ஒரு நாள் கழித்து உயிரோடு எஞ்சியவை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. பயணம் புறப்படுபவை ஏராளம், சேர்பவை மிகச் சில. இடைவழியில் அவற்றை அழிப்பது எது? இரத்த ஓட்டத்தின் அழுத்தம் ஒரு பங்கு. உடலின் காவல்படையான நோயெதிர்ப்பு மண்டலம், சிறப்பாக 'இயற்கைக் கொல்லி அணுக்கள்' எனப்படும் வெள்ளணுக்கள், இன்னொரு பங்கு.

*

இந்தக் காவலைப் புற்றுக்கு எதிராகத் திருப்ப முடியுமா என்று முதலில் விடாது முயன்றவர் நியூயார்க்கின் வில்லியம் கோலி. 1891 தொடக்கத்தில், கையில் புற்று கண்ட பெஸ்ஸி டாஷியல் என்ற பதினேழு வயதுப் பெண்ணை அவரால் காப்பாற்ற முடியவில்லை. கையை வெட்டி எடுத்தும் நோய் உடலெங்கும் பரவிவிட்டது. அத்துயரம் அவரை மருத்துவமனையின் பழைய ஏடுகளுக்குள் தள்ளியது. கழுத்தில் புற்றிருந்த ஒருவருக்கு எரிசிபெலஸ் என்னும் தோல் தொற்று வந்து கடுங்காய்ச்சல் கண்டதும், கட்டி தானே கரைந்துபோனதாக ஓர் ஏட்டில் எழுதியிருந்தது. கோலி அந்த மனிதரை நகரின் ஏழைக் குடியிருப்புகளில் தேடி, உயிரோடு இருக்கக் கண்டார். அதன்பின் புற்றுநோயாளிகளுக்குக் கிருமிகளையே ஊசியாகச் செலுத்தத் தொடங்கினார். சிலர் பிழைத்தனர், சிலர் தொற்றாலேயே இறந்தனர். எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்று அவரால் சொல்ல முடியவில்லை. கதிர்வீச்சு மருத்துவம் வந்ததும் அவர் முறை பின்னுக்குப் போயிற்று.

உற்றவரின் மரணம் மருத்துவரை உலுக்கிய வரலாறு நமக்கும் உண்டு. தங்கை சுந்தராம்பாளைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். தொடக்கத்தில் அங்கிருந்தவை பன்னிரண்டு படுக்கைகள்.

கோலி தொட்ட இழையைக் கருத்தளவில் மீட்டவர்கள் லூயிஸ் தாமஸும் மெக்ஃபார்லேன் பர்னெட்டும். உடலில் அவ்வப்போது புற்றணுக்கள் தோன்றுகின்றன, காவல்படை அவற்றைக் கண்டறிந்து அழிக்கிறது என்ற 'நோயெதிர்ப்புக் கண்காணிப்பு'க் கொள்கையை 1950களின் பிற்பகுதியில் அவர்கள் முன்வைத்தனர். 1974இல் இதற்குப் பலத்த அடி விழுந்தது. தைமஸ் சுரப்பி இன்றிப் பிறக்கும் எலிகளுக்குப் புற்று அதிகம் வருவதில்லை என்று ஒஸ்யாஸ் ஸ்டட்மன் காட்டினார். அவ்வெலிகளிடமும் மிச்சக் காவல் கொஞ்சம் இருந்தது என்பது பின்னரே தெளிவாயிற்று. காவல் முழுதாக அகற்றப்பட்ட எலிகளில் புற்று கூடுதலாக வருவதை 2001இல் ராபர்ட் ஷ்ரைபரின் குழு மெய்ப்பித்தது. காவலும் புற்றும் நடத்தும் போரை ஒழித்தல், சமநிலை, தப்பித்தல் என மூன்று கட்டங்களாக அவர்கள் பிரித்தனர்.

இரண்டாவதான சமநிலைக்கு மனிதரிடமிருந்து கிடைத்த சான்று உருக்கமானது. 2003இல் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் பதிவு செய்தது அது. சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்ற இருவருக்குப் பின்னர் மெலனோமா என்னும் தோல்புற்று கண்டது. இருவருக்கும் சிறுநீரகம் அளித்தவர் ஒருவரே. அவருக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன் அதே புற்று அறுவையால் நீக்கப்பட்டு, குணமடைந்தவராகக் கருதப்பட்டிருந்தார். புற்றணுக்கள் அவர் உடலில் ஒழிந்திருக்கவில்லை, காவலுக்கு அஞ்சி ஒளிந்திருந்தன. மாற்று உறுப்பை உடல் ஒதுக்காதிருக்கக் காவலை அடக்கும் மருந்து உண்டவர்களின் உடலை அடைந்ததும் அவை எழுந்துகொண்டன. விதை அதே விதைதான், மண்தான் மாறியது.

*

காவல்படை எப்போதும் நம் பக்கமே நிற்கும் என்று நினைப்பதும் பிழை. ரூடால்ஃப் விர்ச்சோ 1863இலேயே கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் இருப்பதைக் கண்டிருந்தார். ஆறாத புண்ணைப் போன்றது கட்டி என்று 1986இல் ஹெரால்ட் துவோராக் எழுதினார். புண்ணை ஆற்ற வரும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்களைப் புற்று தன் வசப்படுத்திக்கொள்கிறது. அவை புதிய இரத்தக் குழாய்கள் அமைய உதவுகின்றன, புற்றணுக்கள் குழாய்க்குள் நுழைய வழிகாட்டவும் செய்கின்றன. புற்றணுக்கள் வந்து சேர்வதற்கு முன்பே, எலும்பு மச்சையிலிருந்து கிளம்பும் அணுக்கள் தொலைவிலுள்ள உறுப்புக்குச் சென்று அவை தங்க இடம் ஒழுங்கு செய்வதை, 2005இல் டேவிட் லைடனின் குழு எலிகளில் கண்டது. விருந்தாளி வருமுன்னே சத்திரத்தைப் பெருக்கி விளக்கேற்றி வைப்பது போன்ற வேலை இது. அதைச் செய்பவர்கள் நம் வீட்டு ஆட்களே என்பதுதான் கொடுமை.

காவலைத் தளர்த்தும் கடிவாளங்கள் நம் உடலிலேயே உண்டு. காவல் மிகுந்து உடலையே தாக்கிவிடாதிருக்க அவை வேண்டும். புற்று அவற்றைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. அக்கடிவாளங்களைக் கண்டறிந்து தளர்த்த வழிசெய்த ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே, 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறோம்' என்று புட்டியில் அடைத்து விற்கப்படுவதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பேதைமை. எந்த அணு, எந்த இடத்தில், எப்போது விழிக்க வேண்டும் என்பதே வினா. பொத்தாம்பொதுவாகக் கூட்டுவது என்று ஒன்றில்லை.

*

இனிப் பெரியவரின் ஊசிக்கு வருவோம்.

பிரான்ஸின் கால்மெத், கெரென் இருவரும் மாட்டுக் காசக் கிருமியைப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கு ஊடகத்தில் 1908 முதல் பதின்மூன்று ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து, நோயுண்டாக்கும் வீரியத்தை இழக்கச் செய்தனர். 1921இல் அது முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியாவில் இதன் வரலாறு நம் வட்டாரத்தைச் சுற்றியே தொடங்குகிறது. தடுப்பூசி தயாரிக்கும் ஆய்வகம் 1948இல் கிண்டியில் அமைந்தது. அதே ஆண்டு ஊசி போடத் தொடங்கிய முதல் இடங்களில் ஒன்று மதனப்பள்ளி. அது அன்றைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1960 வரை திருத்தணியும் அம்மாவட்டத்தில்தான் இருந்தது. எதிர்ப்பும் இங்கிருந்தே எழுந்தது. இராஜாஜி 1955இல் பி.சி.ஜி. இயக்கத்தைக் கண்டித்துச் சிறு நூலே வெளியிட்டார்.

ஐயத்தைத் தீர்க்கும் நோக்கில் 1968இல் தொடங்கியது அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் நடந்த பெரும் பரிசோதனை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகிய மூன்றும் அதில் இணைந்தன. 209 ஊராட்சிகள், 9 நகரங்கள், 1971 வரை ஊசி பெற்றவர் சுமார் 2,60,000 பேர். சிலருக்கு அதிக அளவு, சிலருக்குக் குறைந்த அளவு, சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பெரியவர் தழும்பைத் தடவியபோது நாம் இதைச் சொன்னோம். 'அப்ப நான் ஒரு கணக்குல இருக்கேன்' என்று சிரித்தார்.

ஏழரை ஆண்டுகளுக்குப் பின் 1979இல் வெளியான முடிவு உலகையே அதிரவைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை இவ்வூசி தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுத் தொடர்கணக்கும் அதையே உறுதி செய்தது. பிரிட்டனில் நன்றாகப் பலித்த ஊசி இங்கே ஏன் பலிக்கவில்லை? பலராலும் ஏற்கப்படும் விளக்கம் இது: இப்பகுதி மண்ணிலும் நீரிலும் காசக் கிருமியின் தீங்கற்ற உறவுக் கிருமிகள் மிகுதி. சிறு வயதிலிருந்தே அவற்றோடு பழகிவிட்ட உடலுக்கு ஊசி புதிதாகக் கற்றுக்கொடுக்க ஏதும் இல்லை. பேஜட்டின் மண் இங்கே உவமையாக இல்லாமல் மெய்யாகவே வந்து நிற்கிறது. கைக்குழந்தைகளைத் தாக்கும் மூளைச்சவ்வுக் காசம் போன்ற கொடிய வடிவங்களை இது தடுப்பதால், இன்றும் நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு இவ்வூசி போடப்படுகிறது.

இதற்கிடையே, பி.சி.ஜி. செலுத்தப்பட்ட எலிகள் புற்றைச் சற்றே எதிர்த்து நிற்பதை 1959இல் லாயிட் ஓல்டும் உடன் பணியாற்றியோரும் கண்டனர். 1976இல் கனடாவின் கிங்ஸ்டனில் ஆல்வரோ மொராலெஸ் ஒன்பது நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் அதைச் செலுத்தி, புற்று திரும்புவது குறைந்ததென எழுதினார். 1990இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. கோலியின் கனவில் மருத்துவ நடைமுறையாக நிலைத்து நின்றது இதுதான். உயிருள்ள கிருமிகள் பையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன, அழற்சி எழுகிறது, வெள்ளணுக்கள் திரளாக வந்திறங்குகின்றன, வந்த படை எஞ்சிய புற்றணுக்களையும் தாக்குகிறது. புற்று மேற்படலத்தோடு நிற்கும்வரைதான் இது உதவும். தசைக்குள் இறங்கிவிட்டால் பி.சி.ஜி.யால் ஆவது ஒன்றுமில்லை. இளநீர் குடித்துக் கழிந்த மாதங்களை நினைக்கும்போது நமக்கு இப்போதும் நெஞ்சு பதைக்கிறது.

*

ஆக, பெரியவரின் கேள்விக்கு விடை: ஊசி அதே ஊசிதான், ஆனால் கேட்கப்படும் வேலை வேறு. நுரையீரலைப் பல்லாண்டு காக்கும் நினைவை உடலுக்குக் கற்பிக்க வேண்டும் என்று அன்று அதனிடம் எதிர்பார்த்தோம். முன்பே பழகிய மண்ணில் அது பலிக்கவில்லை. ஒரு சிறு அறையில், புற்று இருக்கும் அதே இடத்தில், பெருமளவில், வாரந்தோறும் காவலைத் தட்டி எழுப்ப வேண்டும் என்பதே இன்று எதிர்பார்ப்பு. திருவள்ளூர்க் கிராமங்கள் தந்த விடையைத் தோல்வி என்று ஒதுக்குவது நியாயமன்று. மருந்தை மட்டும் பார்த்தால் போதாது, அதை ஏற்கும் உடலையும் உடல் வளர்ந்த மண்ணையும் பார்க்க வேண்டும் என்று உலகுக்குக் கற்பித்ததில், பெயர் பதியாத அந்த இரண்டரை லட்சம் பேருக்கும் பங்குண்டு.

ஆறு வாரங்கள் முடிந்தன. காய்ச்சலும் எரிச்சலும் படுத்தியபோது, 'படை வந்திருக்குன்னு அர்த்தம்' என்று பெரியவரே நம்மைத் தேற்றினார். மூன்று மாதம் கழித்துக் கருவி விட்டுப் பார்த்ததில் புதிய கட்டி ஏதும் தென்படவில்லை. இன்னும் பல ஆண்டுகள் இடைவெளி விட்டுச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அடுத்த சோதனை ஆடிக் கிருத்திகையை ஒட்டி வருகிறது. மலைக்குப் போய்விட்டு அங்கிருந்து மருத்துவமனைக்கு வருவதாகச் சொன்னார். மருத்துவமனைக்குப் போய்விட்டு மலைக்குப் போகும்படி கேட்டுக்கொண்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.