நன்றி சொல்லும் நாளும் ஒரு காலி நாற்காலியும்

அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழக்கிழமை 'தேங்க்ஸ்கிவிங்'. படங்களில் பார்த்திருப்பீர்கள்: நடுவில் வான்கோழி, சுற்றிலும் சிரித்த முகங்கள், சாப்பிடும் முன் ஒரு ஜெபம். ஆனால் இந்த நாளைக் கேட்டு வாங்கியவரும் சரி, அறிவித்தவரும் சரி, வீட்டில் சாவு பார்த்தவர்கள்.

கேட்டவர் சாரா ஜோசஃபா ஹேல். 1822-ல் கணவர் இறந்தபோது நான்கு குழந்தைகள், வயிற்றில் ஐந்தாவது. அதன்பின் கடைசிவரை கறுப்பு உடைதான். பிழைப்புக்காக எழுத வந்தார். ('மேரி ஹாட் எ லிட்டில் லாம்ப்' இவருடையதுதான்!) 1827-ல் வந்த அவருடைய 'நார்த்வுட்' நாவலில் ஒரு நன்றி நாள் விருந்து விலாவாரியாக வருகிறது. கணவர் போய் ஐந்தே வருடம். அந்த நிறைந்த மேஜையை எழுத எப்படித்தான் மனசு வந்ததோ!

அப்போதெல்லாம் மாநிலத்துக்கு ஒரு தேதி. பல மாநிலங்களில் அந்த நாளே கிடையாது. நாடு முழுக்க ஒரே நாள் வேண்டும் என்று 1846 முதல் தன் பத்திரிகையில் எழுதினார், ஜனாதிபதிகளுக்குக் கடிதம் போட்டார். யாரும் அசையவில்லை. 1863 செப்டம்பர் 28-ம் தேதி, 74 வயதில், லிங்கனுக்கு எழுதினார். ஐந்தே நாளில், அக்டோபர் 3-ம் தேதி, அறிவிப்பு வந்துவிட்டது.

எப்பேர்ப்பட்ட நேரம் பாருங்கள். உள்நாட்டுப் போர். அந்த ஜூலையில்தான் கெட்டிஸ்பர்க்கில் மூன்றே நாளில் இருபக்கமும் சேர்த்து சுமார் 50,000 பேர் செத்தோ, காயம்பட்டோ, காணாமலோ போயிருந்தார்கள். அறிவிப்பின் முதல் பாதி கம்பெனி ஆண்டறிக்கை மாதிரி இருக்கும்: விளைச்சல், சுரங்கம், மக்கள்தொகை என்று ஒரே வரவுக் கணக்கு. பிறகு சட்டென்று மாறுகிறது. இதெல்லாம் மனிதன் சாதித்ததல்ல, நம் பாவங்களுக்காகக் கோபப்பட்டாலும் இரக்கத்தை மறக்காத கடவுள் தந்தது என்கிறது. நன்றி சொல்லும்போதே விதவைகளையும் அநாதைகளையும் அவரிடம் ஒப்படைத்து வேண்டிக்கொள்ளச் சொல்கிறது. வாசகத்தை எழுதியவர் வெளியுறவுச் செயலர் சீவர்ட் என்கிறார்கள். கையெழுத்து லிங்கனுடையது.

அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது. 1862 பிப்ரவரி 20-ம் தேதி, வெள்ளை மாளிகையிலேயே, 11 வயது மகன் வில்லி காய்ச்சலில் இறந்துபோனான். தாய் மேரி ஒரு வருடத்துக்கு மேல் துக்க உடையைக் கழற்றவில்லை. லிங்கன் எந்தச் சபையிலும் உறுப்பினராகச் சேர்ந்தவரல்ல. ஆனால் வாஷிங்டனில் ஒரு பிரெஸ்பிடேரியன் ஆலயத்துக்குப் போய்வந்தார். வில்லியின் அடக்க ஆராதனையில் பிரசங்கம் செய்ததும் அந்த ஆலயத்துப் போதகர் கர்லிதான்.

சரி, 1863 நவம்பர் 26. அந்த முதல் நன்றி நாளில் அவர் வீட்டு விருந்து எப்படி இருந்திருக்கும்? ஒரு வாரம் முன்பு, சின்ன மகன் டாட் நோயில் கிடக்கும்போதே, லிங்கன் கெட்டிஸ்பர்க் போய் அந்தப் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தினார். திரும்பும்போதே உடம்பு சரியில்லை. பெரியம்மை! நாட்டையே நன்றி சொல்ல அழைத்தவர் அன்றைக்குப் படுக்கையில் இருந்தார்.

1864-லும் அதே போல் அறிவித்தார். 1865-ல் நன்றி நாள் அறிவிப்பில் கையெழுத்துப் போட்டது ஆண்ட்ரூ ஜான்சன்.