ஆதி மனிதனின் கற்கோடாரி கிடைத்த பல்லாவரம்: குடியிருப்புகளுக்கு அடியில் புதைந்து கிடக்கும் சரித்திரம்

பல்லாவரம் என்றதும் சென்னைவாசிகளுக்கு வெள்ளிக்கிழமை சந்தை ஞாபகத்துக்கு வரும். அடுத்து விமானச் சத்தம், ஜி.எஸ்.டி. ரோடு நெரிசல். ஆனால் இந்தியாவிலேயே பழைய கற்காலக் கருவி முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது இந்த ஊரில்தான். 30 வருஷமாக இங்கேயே குடியிருப்பவர்களில் பலருக்கும் இது புது செய்தியாகத்தான் இருக்கும்.

1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி. பல்லாவரம் அப்போது வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கிய ஊர். ராணுவ மைதானம் அருகே சரளைக்கல் தோண்டிய ஒரு பள்ளம் இருந்தது. இந்திய புவியியல் ஆய்வுத்துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் அந்தப் பள்ளத்தில் ஒரு கல்லை எடுத்தார். அவருக்கு அப்போது வயது 28.

கையில் பிடிப்பதற்கு வாகாக, இரண்டு பக்கமும் செதுக்கி, முனையைக் கூர்மையாக்கிய கல் அது. ஆற்றுத் தண்ணீர் உருட்டியோ, வெயிலில் வெடித்தோ அப்படி ஒரு வடிவம் வராது. மனுஷன் கைபட்டுச் செய்தது என்று பூட் கண்டுகொண்டார். மிருகத்தைக் கிழிக்க, கிழங்கு தோண்ட, மரம் வெட்ட எனப் பல வேலைக்கும் ஆதி மனிதன் வைத்திருந்த ஆயுதம் இந்தக் கைக்கோடாரி.

அதே ஆண்டு செப்டம்பரில் பூட்டும் அவருடன் வேலை பார்த்த வில்லியம் கிங்கும் இப்போதைய திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் இதுபோல நிறைய கருவிகளைக் கண்டுபிடித்தனர். அத்திரம்பாக்கம் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் ஆய்வாளர்கள் அறிவித்தது உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்தத் தேடல் எல்லாம் தொடங்கிய இடம் பல்லாவரம் பள்ளம் என்பது குறிப்பிடத்தக்கது.

கால் முளைத்த மண் பேழை

கற்காலத்தோடு கதை முடியவில்லை. 1888-ல் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அதிகாரி பல்லாவரத்தில் தோண்டியபோது சுடுமண்ணால் செய்த ஈமப்பேழை கிடைத்தது. பார்ப்பதற்கு மாட்டுத் தொட்டி போல நீளமாக இருக்கும். அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். இறந்தவர்களின் எலும்பை இதில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். பெருங்கற்காலம் என்று சொல்லப்படும் காலத்து வழக்கம் இது.

அடுத்தது பல்லவர் காலம். பல்லவபுரம் என்ற பெயர்தான் மருவி பல்லாவரம் ஆனது. 7-ம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் இங்குள்ள குன்றில் பாறையைக் குடைந்து ஐந்து அறை கொண்ட குடைவரைக் கோவில் அமைத்தான். தன்னுடைய பட்டப் பெயர்களையும் அங்கே வெட்டி வைத்தான். இன்று அந்தக் குடைவரை முஸ்லிம்கள் வழிபடும் தர்காவாக இருக்கிறது. அடுத்த ரெயில் நிலையமான திரிசூலத்தில் இறங்கினால் சோழர் கால கல்வெட்டுகள் உள்ள திரிசூலநாதர் கோவில்.

இந்த ஊர்க் கல்லுக்கே ஒரு பெருமை உண்டு. கொல்கத்தாவை உருவாக்கியவர் என்று சொல்லப்பட்ட ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல், பரங்கிமலை - பல்லாவரம் பக்கத்துப் பாறை வகையைச் சேர்ந்தது. 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியல் அறிஞர் அந்தக் கல்லுக்கு சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். கல் நம்ம ஊருது, பேரு கல்கத்தாக்காரருது. வீடு கட்ட ஜல்லி ஜல்லியாக உடைத்து லாரியில் ஏற்றியதும் இந்தக் கல்லைத்தான்.

பக்கத்தில் உள்ள குரோம்பேட்டையின் பெயர் தோல் தொழிலில் இருந்து வந்தது. 1912-ல் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனிதான் காரணம். தோல் பதனிடும் தொழில் பல்லாவரம், பம்மல், நாகல்கேணி என்று பரவி ஆயிரக்கணக்கானோருக்கு சோறு போட்டது. நிலத்தடி நீரைக் கெடுத்ததும் அதே தொழில்தான். ஊர்க் கதை சொல்லும்போது இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

சரித்திரமா, வீடா?

ஜமீன் பல்லாவரம் பகுதி மக்களில் பலருக்கு இந்தப் பழமை அறிமுகமானது சந்தோஷமாக இல்லை. வீடு கட்ட அனுமதி கேட்டுப் போனபோதுதான், இது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட இடம் என்று தெரிந்தது. 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையில் இருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டிடம் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும்.

நகை நட்டை அடகு வைத்து முக்கால் கிரவுண்டு வாங்கியவருக்கு எப்படி இருக்கும்? தடையைத் தளர்த்த வேண்டும் என்று இந்தப் பகுதி மக்கள் கோரிக்கை வைத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்காக பழைய இடத்தையே அழித்துவிட்டால் திரும்ப வராது. எது பாதுகாக்கப்பட்ட இடம், எது இல்லை என்பதை மனை வாங்குகிற ஏழைக்கும் புரிகிற மாதிரி தெருவில் பலகை வைத்துச் சொல்லியிருந்தால் பாதி சண்டை வந்திருக்காது.

தடை செய்யப்பட்ட 100 மீட்டருக்குள் ஏற்கனவே வீடு இருந்தால், பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்கலாம். சட்டத்தில் அதற்கு வழி உண்டு. மனை வாங்கும் முன் பத்திரத்தோடு இதையும் விசாரிப்பது நல்லது.

அஸ்திவாரம் தோண்டும்போது தாழி, பானை, பழங்காசு தட்டுப்பட்டால் உடைத்துப் பார்க்கக் கூடாது. வேலையை நிறுத்திவிட்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்ல வேண்டும். புதையல் சட்டம் 1878-ல் இருந்தே அமலில் இருக்கிறது. மறைத்தால் தண்டனை உண்டு.

2021 நவம்பரில் பல்லாவரம் நகராட்சி, பம்மல், அனகாபுத்தூர் நகராட்சிகளோடு சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியில் இணைந்துவிட்டது. நகராட்சிப் பலகையில் இருந்த ஊர்ப் பெயர் போய்விட்டது. ரெயில் நிலையத்தில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

பூட் சேகரித்த கருவிகளை சென்னை அருங்காட்சியகத்துக்காக 1904-ல் அரசு விலைக்கு வாங்கியது. பல்லாவரம் பேழையையும் அங்கேதான் பார்க்க வேண்டும். பல்லாவரத்தில் மின்சார ரெயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் போதும், பாந்தியன் சாலை நடக்கிற தூரம்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்ப வேண்டாம். சந்தை கூடுகிற அந்த நாளில்தான் அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை.